நாற்பது சிலந்திகள் கூடிய அவை

சூன் 2, திங்கள்

அவையோரே! செருமனி நாட்டின் வடபுறத்தில், மழைக்கு ஓய்வென்பதே தெரியாத ஒரு சிறு நகரில், மாணவர் விடுதியின் மாடி அறையில், இந்த வெற்றுத் தாளின் முன் திரண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பெருமக்களே! பள்ளிபாளையத்துக் கனல்மொழி, விலங்கியல் இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவி, உங்கள் முன் ஒரு முறையீட்டை வைக்கிறேன். செவிசாயுங்கள்.

மூன்று மணித்துளிகள்!

ஆம், மூன்றே மூன்று! நான் பயிற்சிக்கு வந்திருக்கும் இந்த விலங்கியல் ஆய்வகத்தில் கோடை முழுதும் உழைத்தபின், சூலை இறுதியில் நடக்கும் ஆய்வரங்கில் ஒவ்வொரு பயிற்சி மாணவரும் தாம் செய்ததை எடுத்துரைக்க மூன்று மணித்துளிகள் தருவார்களாம். தலைவரையும் நடுவரையும் முன்வரிசைச் சான்றோரையும் பின்வரிசைத் தோழர்களையும் நான் வணங்கி முடிக்கவே அந்த நேரம் போதாதே! ஆற்றுநீர் மாசு குறித்துத் தாளைப் பாராமல் நாற்பது மணித்துளிகள் முழங்கி, ஈரோட்டில் சுழற்கோப்பையைத் தூக்கிவந்தவளுக்கா இந்த அளவுகோல்?

"மூன்றுதானா?" என்று பேராசிரியர் வோஸ் அம்மையாரிடம் கேட்டேன்.

"நான்காவது தொடங்கும்போது மணி அடிப்பேன்" என்றார். முகத்தில் நகைப்பின் சுவடே இல்லை.

ஒன்று மட்டும் ஆறுதல். எனக்கு வேலை கற்பிக்கப் போகிறவர் தர்சிகா அக்கா. இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஈழத்தமிழ்ப் பெண். முனைவர் பட்டத்துக்காக மூன்றாம் ஆண்டாகச் சிலந்திகளோடு மல்லாடுகிறார். அவர் தமிழில் வணக்கம் சொன்னதும் நெகிழ்ந்துபோய், "தங்களைக் கண்டதில் பெருமகிழ்ச்சி எய்துகிறேன் அக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயோ பிள்ளை, நீர் எப்பவும் இப்பிடித்தான் கதைப்பீரோ? எனக்கு ரேடியோவிலை செய்தி கேட்ட மாதிரிக் கிடக்கு."

சூன் 4

ஆற்றுப் பாலத்தில் சிலந்தி பிடித்தோம். பாலங்களின் கைப்பிடிக் கம்பிகளில் வலை கட்டுவதால் இவற்றுக்குப் பாலச் சிலந்தி என்றே பெயராம். குப்பியை அடியில் ஏந்தி, மூடியால் மெல்ல மேலிருந்து தட்ட வேண்டும். மிதிவண்டியில் போவோர் எங்களைப் பித்தர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துச் சென்றனர்.

"பயப்பிடாதையும். அது உம்மை விடப் பயந்துபோய் இருக்கு" என்றார் அக்கா.

"அச்சமா? எனக்கா?" என்று குரலை உயர்த்தினேன். கம்பியில் இருந்த சிலந்தி சட்டெனக் கால்களை ஒடுக்கித் தட்டையாக ஒட்டிக்கொண்டது. என் வீறு கண்டு நடுங்கியது போலும்! அக்காவிடம் பெருமையாகச் சுட்டிக்காட்ட எண்ணினேன். அதற்குள் அவர் அடுத்த கம்பிக்குப் போய்விட்டார்.

நாற்பது சிலந்திகள். ஒவ்வொன்றுக்கும் வலை கட்ட ஒரு மரச்சட்டம். இனி அவற்றின் வீடு, வெப்பத்தையும் ஒளியையும் நாமே வகுக்கும் தட்பவெப்ப அறை.

சூன் 7

விடுதியில் கலகம். ஆகத்து மாத இறுதியில் மாநில அளவிலான பேச்சுப் போட்டி இருக்கிறது. நாள்தோறும் பயிற்சி செய்யாவிடில் குரல் துருப்பிடித்துவிடும். ஆகவே வைகறையில் எழுந்து சாளரத்தைத் திறந்து, "ஆறுகளைக் கொன்றவர்களே!" என்று தொடங்கினேன். அடுத்த அறைப் போர்த்துக்கீசியப் பெண் சுவரை இடித்தாள். மேல்மாடியில் ஒருவர் செருப்பால் தரையை அறைந்தார். விடுதிக் காப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"யாரோடு சண்டை?"

"ஆற்றை நஞ்சாக்குவோரோடு."

அவர் அறைக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லாதது அவருக்கு இன்னும் கவலையைத் தந்திருக்க வேண்டும்.

என் குரல் பெரியதென்றால் அது என் குற்றமா? எங்கள் வீட்டுக்குள்ளேயே விசைத்தறிகள் ஓடுகின்றன. எங்கள் வீட்டில் உப்பு கேட்பதென்றாலும் தறிகளுக்கு மேலே கூவித்தான் கேட்க வேண்டும்.

சூன் 10

அவையோரே, மேடை கிடைத்துவிட்டது!

தட்பவெப்ப அறையின் கதவு என் முழங்கை அளவுக்குப் பருத்தது. உள்ளே எத்தனை உரக்கப் பேசினாலும் வெளியே ஓர் எழுத்தும் கேட்காது. அங்கே பொழுது தலைகீழ்: நம் காலைதான் சிலந்திகளின் அந்தி. அந்தியில்தான் அவை வலை பின்னும். எனவே நான் நுழையும்போது மங்கிய செவ்விளக்கு மட்டும் எரியும். செவ்வொளி, நாற்பது சட்டங்கள், வரிசை வரிசையாக அமர்ந்த அவையினர்! கல்லூரி மேடையில்கூட இத்தகைய ஒழுங்கை நான் கண்டதில்லை.

காலைதோறும் சட்டங்களில் நீர் தெளிப்பதும், உண்டு கழித்த ஈக்கூடுகளை அகற்றுவதும் என் வேலை. வேலை முடிந்தபின் அரைமணி நேரம் ஆற்றுநீர் உரை. சிலந்திக்குச் செவி கிடையாது என்று முதலாண்டுப் பாடத்திலேயே படித்திருக்கிறேன். ஆக, யாருக்கும் இடையூறில்லை. ஞாயிறு மட்டும் ஓய்வு. அன்று பேராசிரியரே நீர் தெளிப்பார்.

சூன் 13

ஆய்வுக் குழுக் கூட்டத்தில் என்னை அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். எழுந்து நின்று பேசினேன். அமர்ந்ததும் அத்தனை பேரும் விரல்முட்டியால் மேசையைப் படபடவெனத் தட்டினார்கள்! "போதும், இறங்கு" என்று அவையினர் தட்டி இறக்கிய பேச்சாளர்களைக் கண்டிருக்கிறேன். எனக்கு இதுவே முதன்முறை. காதெல்லாம் சூடேறியது.

"ஏன் முகம் இப்பிடிப் போச்சு?" என்று கேட்டார் அக்கா.

"என் உரை அவ்வளவு இழிவாகவா இருந்தது?"

"விசரே உமக்கு! இஞ்சை கைதட்ட மாட்டினம். மேசையிலை தட்டினால்தான் பாராட்டு."

அதன்பின் கூட்டம் முடியும்வரை ஒவ்வொருவர் பேசி முடித்ததும் எல்லாரையும்விட உரக்கத் தட்டினேன். ஒரு கோப்பை உருண்டு விழுந்தது.

சூன் 15, ஞாயிறு

அம்மா கைப்பேசியில் அழைத்தார். பின்னால் தறிகள்.

"ஏங்கண்ணு, சோறு உங்கறயா இல்லியா?"

"உண்கிறேன் அம்மா!"

"என்னது? சத்தமாச் சொல்லு, தறி ஓடுது!"

"உண்கிறேன்!"

"அங்க பேச்சுத் தொணைக்கு ஆளிருக்குதா?"

நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று சொன்னேன். நாற்பது பேர் என்று எண்ணிக்கையும் சொன்னேன். அம்மா மகிழ்ந்தார்.

பிற்பகல் முழுதும் துணி துவைத்தேன். விடுதி அமைதியாக இருந்தது.

சூன் 19

அக்கா துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தார். உருவில் சிறியவர், மேசையில் ஏறி நின்றுவிடுவாரோ என்று அஞ்சினேன்.

சட்டங்களை மட்டும் நோக்கிய, ஒலி பதியாத ஒளிப்பதிவுக் கருவிகளில் ஒரு புதுமை தெரிந்ததாம். வலை பின்னத் தொடங்கிய சிறிது நேரத்தில் நாற்பது சிலந்திகளும் ஒருசேர வேலையை நிறுத்திவிடுகின்றன. கால்களை ஒடுக்கி அரைமணி நேரம் அசையாமல் கிடக்கின்றன. பிறகு விட்ட இடத்திலிருந்து பின்னுகின்றன.

"அந்தி ஓய்வு! அப்பிடித்தான் பேர் வைக்கப் போறன். உள்ளுக்கை ஒரு மணிக்கூடு இருக்கு, விளங்குதே? ரெண்டு வருசமா ஒண்டும் சரிவரேல்லை, கனல். இப்ப பாரும்!"

உயிரினத்துள் ஒளிந்திருக்கும் காலக் கருவி! நானும் கிளர்ச்சியுற்றேன். அன்றாடம் அவற்றின் முன் நிற்பவள் நான். அவை என்னைக் கூர்ந்து நோக்கி அசையாது அமர்ந்திருப்பதாக அல்லவா எண்ணியிருந்தேன்! உறங்குகின்றனவாம். சற்றே வருத்தம்தான்.

சூன் 23

ஞாயிறுகளில் அந்தி ஓய்வு இல்லை. சிலந்திகள் இடைவிடாமல் பின்னுகின்றன.

"என்னவாம், ஞாயிறு தேவாலயத்துக்குப் போகினமோ?" என்று அக்கா தலையைச் சொறிந்தார்.

பேராசிரியர் ஒருபுறம் சாய்ந்து என்னை முகர்ந்தார். "ஞாயிறு நீர் தெளிப்பவள் நான். மற்ற நாள்களில் இவள். இவளிடம் உள்ளதும் என்னிடம் இல்லாததும் எது?"

தேங்காயெண்ணெய்!

சூன் 24

தலைக்கு எண்ணெய் வைக்கத் தடை. மணச் சவர்க்காரத்துக்கும் தடை. அறிவியலுக்காக நான் செய்யும் ஈகத்தை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். என் தலை வைக்கோற்போர் போல் இருக்கிறது.

சூன் 28

எண்ணெயில்லை, மணமில்லை. அந்தி ஓய்வு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் குற்றமற்றவள் என்று மெய்ப்பிக்கப்பட்டது! மகிழ்ச்சியில் இன்று உரை முழுவதையும் இருமுறை முழங்கினேன்.

ஞாயிறுகளில் கட்டடத்தின் காற்றோட்டப் பொறி மெதுவாக ஓடுமாம். அதனால்தான் அந்த வேறுபாடு என்று அக்கா எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பதிவுகளை மட்டும் தனியே ஒதுக்கிவிட்டார்.

இன்றைய ஓய்வு, அன்றாட ஓய்வைப் போல் இருமடங்கு நீண்டதாம். அது ஏனென்று அவருக்கு விளங்கவில்லை.

சூன் 30

வெற்றி! இலையுதிர்கால மாநாட்டில் அந்தி ஓய்வு குறித்துப் பேச அக்காவுக்கு அழைப்பு வந்துவிட்டது. அவருடைய அம்மா ஒரு தட்டு நிறைய வடை சுட்டு அனுப்பியிருந்தார். பேராசிரியர் நான்கு வடைகளை எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டு போனார்.

"அப்பா பஸ் ஓட்டுறவர். மூண்டு வருசமா எட்டுக்கால் பூச்சியோடை என்ன செய்யிறாய் எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப் போனார்" என்றார் அக்கா. "நேற்று பஸ்ஸிலை ஏறின ஆக்கள் எல்லாருக்கும் சொன்னவராம்."

அவர் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை.

சூலை 5

குடையை விடுதியிலேயே விட்டுவிட்டேன். மழை விடவில்லை. தொண்டை கரகரக்கிறது.

சூலை 7

குரல் போய்விட்டது! முற்றாகப் போய்விட்டது. கடைக்காரரிடம் எலுமிச்சையைக் கைவிரலால் காட்டி வாங்கினேன். நீர் மட்டும் தெளித்துவிட்டு வந்தேன்.

இன்று சிலந்திகள் ஓய்வெடுக்கவில்லை என்று அக்கா சொன்னார். ஏதோ ஒரு நாள் பிசகு என்றார்.

சூலை 8

குரல் இல்லை. ஓய்வும் இல்லை.

சூலை 9

அப்படியே.

சூலை 10

குரல் பாதி மீண்டது. நீர் தெளித்தபின் பழக்கத்தால் நிமிர்ந்து நின்றேன். ஆனால் இன்று முதன்முறையாக அவையைப் பாராமல் ஒரே ஒரு சிலந்தியை மட்டும் பார்த்தேன். கதவோரச் சட்டத்தில் இருப்பது, சற்றே பருத்தது. பின்னங்காலால் இழையை இழுத்து ஒட்டி, நகர்ந்து, மீண்டும் இழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவையோரே" என்றேன்.

கால்களை ஒடுக்கியது. தட்டையாயிற்று. அருகிலிருந்ததும், அதற்கு அருகிலிருந்ததும், வரிசை முழுவதும்.

வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். நெடுநேரம் கழித்து ஒன்று காலை நீட்டியது.

"அவையோரே."

ஒடுங்கியது.

அந்தி ஓய்வு என்று ஒன்று இல்லை. நான்தான் இருக்கிறேன்.

சூலை 11

காலை: நீர் தெளித்தேன். பேசவில்லை. குப்பிகளைக் கழுவினேன். கழுவியவற்றை மறுபடியும் கழுவினேன்.

நண்பகல்: அக்கா மாநாட்டுக்கான படங்களைக் காட்டினார். அந்தி ஓய்வுக்கு நீலநிறம் தீட்டியிருந்தார். "வடிவா இருக்கே?" என்று கேட்டார். அழகாக இருக்கிறது என்றேன்.

மாலை: சொல்வதற்கு ஓர் உரை எழுதினேன். அறிவியலின் மாண்பில் தொடங்கி, பிழையின் பயனைத் தொட்டு, உண்மையின் வெற்றியில் முடிந்தது. ஆறு பக்கம் வந்தது. நான் என்ன செய்தேன் என்பது மட்டும் அதில் எங்குமே இல்லை. கிழித்துவிட்டேன்.

நான் வாய்திறவாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ஊர் திரும்பிவிடுவேன். அவர் மாநாட்டு மேடையேறி, இல்லாத ஒன்றை இருக்கிறதென்று சொல்வார். பேருந்து ஓட்டும் அவர் அப்பா அதைக் கேட்டு மகிழ்வார். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே இனச் சிலந்திகளை அமைதியான அறையில் வைத்துப் பார்ப்பார்; ஓய்வைக் காணமாட்டார்.

சூலை 12

இன்றும் சொல்லவில்லை.

சூலை 14

சொன்னேன்.

தேநீர் அறையில் அவர் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் அவையை விளிக்கவில்லை. உவமை கூறவில்லை. "அக்கா, நான் காலைதோறும் அந்த அறைக்குள் உரக்கப் பேசிப் பயிற்சி எடுத்தேன். நான் பேசும்போதுதான் சிலந்திகள் நிற்கின்றன" என்றேன். அவ்வளவே. இதுவரை நான் ஆற்றிய உரைகளுள் இதுவே மிகக் குறுகியது.

வெண்ணெய்க் கத்தி அப்படியே நின்றது.

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயிறு தவிர."

"ஞாயிறு தவிர" என்று அவரும் சொன்னார். கத்தியை வைத்துவிட்டுச் சாளரத்தருகே போய் எனக்கு முதுகைக் காட்டி நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எண்ணி நானும் அழத் தொடங்கினேன். திரும்பினார், கண்ணில் நீர் இருந்தது உண்மைதான், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றாக வந்தன.

"நான் உம்மடை தலை எண்ணெயைத் தடை செய்தனான்! உம்மடை சோப்பை மாத்தினனான்! வாயை மூடச் சொல்ல மட்டும் எனக்குத் தோணேல்லையே!" பிறகு சிரிப்பு நின்றது. "ஆருமில்லாத அறையிலை ஏன் பிள்ளை அப்பிடிக் கத்தினனீர்?"

"போட்டிக்காக."

"கதைக்க ஆள் இல்லாததாலையும்தானே?"

இல்லை என்று மறுத்தேன். அவர் ரொட்டியை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என்னிடம் நீட்டினார்.

"சரி, எழும்பும். எனக்கு முன்னாலை ஒருக்கா பேசிக் காட்டும்."

சிலந்தி அறைக்குப் போய், செவ்வொளியில் நின்று ஆற்றுநீர் உரையை முழுதாக நிகழ்த்தினேன். செருமனி வந்தபின் மனிதச் செவி ஒன்று அதை இறுதிவரை கேட்டது இதுவே முதன்முறை. அவர் என்னைப் பார்க்கவில்லை; வலைகளையே பார்த்தார். முடிந்ததும் மெல்லச் சொன்னார்: "காதில்லை. ஆனா வலை முழுக்கக் காதுதான். மணிக்கூடு இல்லை, கனல். இது கேக்குது."

சூலை 15

பேராசிரியரிடம் இருவரும் சென்று உரைத்தோம். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அறைக்கான விதிகளை நான்தான் எழுதினேன். உண்ணக் கூடாது, சட்டங்களைத் தொடக் கூடாது, கதவைத் திறந்துவைக்கக் கூடாது என்று எழுதினேன். 'சொற்பொழிவு ஆற்றக் கூடாது' என்று எழுத வேண்டும் என எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை."

அடுத்து அவர் சொன்னது நகைப்புக்குரியதன்று. மாநாட்டுத் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வலையின் வழியே குரலைக் கேட்கின்றன என்று நிறுவ, பாலத்திலிருந்து புதிய சிலந்திகளைக் கொணர்ந்து, அமைதியிலும் ஒலியிலும் மாறி மாறி நோக்க வேண்டும். அதற்கு இலையுதிர்காலம் வரை அறை வேண்டும். அறையோ ஆகத்துத் தொடக்கத்திலிருந்து எறும்பு ஆய்வுக் குழுவுக்கு. ஆண்டின் தொடக்கத்திலேயே அப்படிப் பகிர்ந்துவிட்டார்கள். எறும்புக் குழுத் தலைவர் முனைவர் கிளாசு விட்டுக்கொடுத்தாலன்றி வழியில்லை.

"கேட்டுப் பார்க்கலாமே!" என்றேன்.

"அந்தி ஓய்வுக்காகவே போன வாரம் மின்னஞ்சலில் கேட்டேன். 'எல்லாருக்கும் இடநெருக்கடி' என்று ஒரு வரி வந்தது."

திரும்பும் வழியில், "பரவாயில்லை. அடுத்த கோடை வரைக்கும் பொறுக்கலாம்" என்றார் அக்கா. அடுத்த கோடைக்குள் அவருடைய ஆய்வுக் காலம் முடிந்துவிடும். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

நான் பேசிக் கெடுத்தேன். நான் பேசியே மீட்பேன். என்னிடம் மூன்று மணித்துளிகள் இருக்கின்றன!

சூலை 18

என் குரலைப் பதிவுசெய்து, நாங்கள் வெளியே நின்றபடி அறைக்குள் ஒலிக்கவிட்டோம். ஒடுங்கின. நிறுத்தினோம், பின்னின. இருப்பவை பழைய சிலந்திகளே. இருந்தாலும் காட்டுவதற்கு ஒரு படம் கிடைத்தது.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன்.

சூலை 24

ஒத்திகை. அக்கா கையில் நேரங்காட்டும் கருவியோடு என் கட்டிலில் சப்பணமிட்டு அமர்ந்தார்.

"அறிவுத் தாகம் கொண்டு அணிதிரண்டிருக்கும் ஆன்றோரே..."

"வெட்டும்."

"அட்லாண்டிக்கின் அலைகளைப் போல்..."

"அலை இஞ்சை எங்கை வந்தது? வெட்டும்!"

"அக்கா, எல்லாவற்றையும் வெட்டினால் எதைத்தான் பேசுவது?"

"நீர் எனக்குத் தேத்தண்ணி அறையிலை சொன்னீரே, அப்பிடிப் பேசும்."

வெட்டினோம். தாளில் மிஞ்சியதைப் பார்க்க, மயிர் மழித்த ஆடு போல் இருந்தது. இரவு உணவுக்கு அக்கா இடியப்பம் கொண்டுவந்திருந்தார். போர்த்துக்கீசியப் பெண்ணும் வந்து உட்கார்ந்துகொண்டாள். நான் பேசுவது எதைப் பற்றி என்று, சுவரை இடித்த அன்றிலிருந்தே தெரிந்துகொள்ள விரும்பினாளாம்; கேட்கக் கூச்சமாக இருந்ததாம்.

சூலை 25

ஆய்வரங்கு. பேராசிரியர் முன்னே பித்தளை மணி. முன்வரிசையில் முனைவர் கிளாசு, கைகட்டி, நெடிய கால்களை நீட்டிக்கொண்டு அமர்ந்திருந்தார். நான் மேடையேறினேன். ஒலிவாங்கியை ஒதுக்கி வைத்தேன்; எனக்கு அது தேவையில்லை என்பது அதற்குள் அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை.

சொன்னது இதுதான்:

"நாற்பது சிலந்திகள் இருந்த அறைக்குள் நான் நாள்தோறும் உரக்கப் பேசினேன். நான் பேசியபோதெல்லாம் அவை வலை பின்னுவதை நிறுத்தின. அதை அவற்றின் இயல்பு என்று நம்பி தர்சிகா கோடை முழுதும் உழைத்தார். அந்த உழைப்பைக் கெடுத்தது என் குரல். இந்தப் படத்தைப் பாருங்கள்: குரல், ஒடுக்கம், அமைதி, வலை. செவியில்லாத உயிர் தன் வலையால் கேட்கிறது என்று இது காட்டுகிறது. காட்டுகிறதே தவிர, நிறுவவில்லை. நிறுவ, புதிய சிலந்திகள் வேண்டும். அவை பாலத்தில் இருக்கின்றன. ஆள் வேண்டும், தர்சிகா இருக்கிறார். அறை வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது, முனைவர் கிளாசு அவர்களே. இலையுதிர்காலம் வரை அதைத் தாருங்கள். இப்போது, இங்கேயே சொல்லுங்கள்."

பேசி முடித்தேன். மணி அடிக்கவில்லை. நேரம் இன்னும் மிச்சமிருந்தது. வாழ்நாளில் முதன்முறையாக எனக்குரிய நேரத்தை நான் அவைக்கு விட்டுக்கொடுத்தேன். யாரும் அசையவில்லை. அத்தனை பேரும் கால் ஒடுக்கி அமர்ந்த சிலந்திகள் போலவே இருந்தனர்.

முனைவர் கிளாசு நீட்டிய காலை மடக்கினார். "என் எறும்புகள் இப்போதிருக்கும் பெட்டிகளில் இன்னும் சில மாதங்கள் இருந்தால் இறந்துவிடப் போவதில்லை" என்றார். "ஒரு நிபந்தனை. இந்தப் பெண் என் அறைப் பக்கம் வந்து பேசக் கூடாது."

சிரிப்பு. பிறகு மேசைகள்! எங்கும் விரல்முட்டிகள்! தரை வழியே அந்த அதிர்வு என் உள்ளங்காலுக்கு ஏறியது. வலையின் நடுவில் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அக்கா தட்டவில்லை. அவர் இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். பேராசிரியர் அவருடைய பங்கையும் சேர்த்துத் தட்டினார். பித்தளை மணி தானாகவே குதித்துக் கிணுகிணுத்தது.

சூலை 30

பெட்டி கட்டியாயிற்று. அறைக் கதவில் விதிகள் ஒட்டிய தாளின் அடியில் பேராசிரியர் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சொற்பொழிவுக்குத் தடை. அதன் கீழ் அக்கா தமிழில் எழுதியிருந்தார்: பதிவுசெய்த கனல்மொழிக்கு மட்டும் இசைவு உண்டு.

கடைசியாக உள்ளே போனேன். பாலத்திலிருந்து வந்த புதிய அவை. ஒன்றும் பேசாமல், அவை பின்னுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடை முழுதும் சிலந்திகளின் முன் நின்றிருக்கிறேன். வலை பின்னுவதைப் பாராமலே.

ஆகத்து 12

ஊர். வெயில். தறிகள். மகிழ்ச்சி!

அக்காவின் மின்னஞ்சல்: "புதுச் சிலந்தியளும் ஒடுங்குது! அப்பா பஸ்ஸிலை மறுபடியும் எல்லாருக்கும் சொல்லுறார், இந்த முறை உண்மையை. ஒரு நாளைக்கு எத்தினை தரம் உம்மடை ஆற்றுநீர் உரையைக் கேக்கிறன் தெரியுமே? எனக்கே பாடமாப் போச்சு. பாவம் சிலந்தியள், பாவம் நான்."

போட்டிக்கு இன்னும் நாளிருக்கிறது; செருமனி சென்று மீண்டதற்காக இன்று கல்லூரியில் எனக்குப் பாராட்டு விழா. திறந்தவெளி மேடை, வேப்பமரத்தில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகள், எனக்கு நாற்பது மணித்துளிகள். மேடைக்குப் பின்னே கற்றாழை வேலி. ஏறும்போதுதான் கண்டேன்: வேலி நெடுகிலும் வலைகள்! மூன்றாண்டுகளாக இதே மேடையில் முழங்கியிருக்கிறேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வலையின் நடுவிலும் ஒரு சிலந்தி, கால்களை ஒடுக்கி, ஒலிபெருக்கியின் இரைச்சலில் உறைந்து கிடந்தது.

ஒலிப்பெட்டியருகே இருந்த என் தோழி இளம்பிறையிடம் குனிந்து, நான் சொன்னதும் எல்லாவற்றையும் நிறுத்திவிடச் சொன்னேன்.

"ஏண்டி, மைக்க நிறுத்தச் சொல்றவளாடி நீ? ஒடம்பு கிடம்பு செரியில்லையா?"

"நலமாக இருக்கிறேன். விரலை விசைமேல் வைத்திரு."

அவையைப் பார்த்தேன். அத்தனை முகங்கள்! எத்தனை நாள் ஏங்கியிருந்தேன்! இவ்வளவே பேசினேன்:

"அவையோரே! நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம். நமக்குப் பின்னால் ஓர் உலகம் வேலையை நிறுத்திவிட்டு நாம் ஓய்வதற்காகக் காத்திருக்கிறது. அதை நான் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை, காட்டப் போகிறேன். இளம்பிறை, ஒலிபெருக்கியை நிறுத்து. முதல்வர் அவர்களே, நாற்காலியை விட்டு எழுந்திருங்கள். தோழர்களே, செருப்பைக் கழற்றுங்கள், வாயை மூடுங்கள், அந்த வேலியோரம் வந்து உட்காருங்கள். நாளைக்கல்ல, விழா முடிந்தபிறகல்ல. இப்போதே வாருங்கள்!"